ரோடு பைக்குக்கு பட்ஜெட் க்ளிப்லெஸ் பெடல்: மூணு செட் மாத்தினப்புறம் ஷிமானோ எம்520 பத்தி என்னோட ரிவ்யூ

கடைசி வரைக்கும் படிக்க பொறுமை இல்லாதவங்களுக்காக நேரா விஷயத்துக்கு வந்துடறேன். புதுசா ரோடு பைக் வாங்கியிருக்கீங்க, ஷூவ பெடல்லயே லாக் பண்ற க்ளிப்லெஸ் பெடலுக்கும் அதுக்கான ஷூவுக்கும் சேத்து கைல இருக்கறது ஒரு 8,000 ரூபா, ரேஸ் எல்லாம் போற ஐடியா இல்ல, ஞாயித்துக்கிழமை காலைல அம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டி நடுவுல பேக்கரில இறங்கி ஒரு டீயும் தேங்கா பன்னும் சாப்ட்டு வர்ற ஆளுன்னா, கண்ணை மூடிட்டு ஷிமானோ எம்520 வாங்குங்க. ஆமா, அது எம்டிபி, அதாவது மவுண்டன் பைக்குக்கான பெடல்தான். ரோடு பைக்ல எம்டிபி பெடலான்னு க்ரூப்ல நாலு பேரு சிரிப்பாங்க, சிரிக்கட்டும், அவங்க பேக்கரி படில வழுக்கறப்ப நீங்க சிரிச்சுக்கலாம்.

இனி பொறுமை இருக்கறவங்களுக்கு.

நான் கோயமுத்தூர். அலுமினியம் ஃப்ரேம், ஷிமானோ க்ளாரிஸ் கியர் செட் போட்ட சாதாரண ரோடு பைக்தான் என்னுது. வாரத்துல மூணு நாள் ஓட்டறேன், பெரும்பாலும் பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டுல, தெம்பு இருந்தா மருதமலை ஏத்தம், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி. இந்த ஓட்டத்துக்கு மூணு செட் பெடல் மாத்திட்டேன். மொத தடவையே இதை யாராச்சும் சொல்லியிருந்தா ஒரு அஞ்சாயிரம் மிச்சமாயிருக்கும், அந்த கடுப்புலதான் எழுதறேன்.

மொதல்ல அந்த பேரு. கால் பெடல்ல லாக் ஆகுது, ஆனா பேரு க்ளிப்லெஸ், இதென்னடா கூத்துன்னு எனக்கும் ரொம்ப நாள் குழப்பம். அந்தக்காலத்து ரேஸ் சைக்கிள்ல பெடலுக்கு முன்னாடி ஒரு கம்பிக்கூடு மாதிரி இருக்கும், கால் நுனிய அதுக்குள்ள விட்டு பெல்ட்ட இழுத்து கட்டணும், அதுக்குத்தான் டோ க்ளிப்னு பேரு. அந்த கூடு இல்லாத பெடல்ங்கறதால இது க்ளிப்லெஸ், அவ்வளவுதான். பனிச்சறுக்குல ஷூவை கட்டைல மாட்டற லாக் செஞ்சுட்டு இருந்த லுக்ங்கற பிரெஞ்சு கம்பெனி அதே ஐடியாவ 1984ல பெடலுக்கு கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷமே பெர்னார்ட் இனோ அதை மாட்டிட்டு டூர் டி ஃப்ரான்ஸ் ஜெயிச்சுட்டாரு, அதோட கம்பிக்கூடு கதை முடிஞ்சுது. ஷிமானோவோட எஸ்பிடிங்கற பெடல் வந்தது அதுக்கப்புறம், 1990ல, எம்டிபிக்காக.

நம்ம பட்ஜெட்ல தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டே ஜாதி. ஷூவுக்கு அடில மூணு போல்ட்ல ஒரு பெரிய ப்ளாஸ்டிக் முக்கோணம் மாட்டறது ரோடு டைப், ஷிமானோவோட எஸ்பிடி எஸ்எல்லும் லுக் கியோவும் இதுல வரும், பாக்க ஒண்ணு போலவே இருக்கும் ஆனா ஒண்ணோட க்ளீட் (ஷூவுக்கு அடில மாட்டற அந்த துண்டு) இன்னொண்ணுல ஒழுங்கா மாட்டாது. ரெண்டு போல்ட்ல சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி இரும்புத்துண்டு மாட்டறது எஸ்பிடி. பேர்ல வெறும் எஸ்எல்தான் வித்தியாசம்னு நெனச்சு ஆன்லைன்ல மாத்தி ஆர்டர் போட்டவங்க ரெண்டு பேர எனக்கே தெரியும்.

ரோடு பைக்னா ரோடு பெடல்தானேன்னு நானும் மொதல்ல மூணு போல்ட் டைப்லதான் விழுந்தேன், அதுலயும் பிராண்ட் எல்லாம் இல்ல, ஆன்லைன்ல பாதி விலைக்கு கிடைச்ச ஒரு பெடல், லுக் கியோ க்ளீட் மாட்டும்னு போட்டிருந்தான். பேரு வேண்டாம், இன்னிக்கு ஒரு பேர்ல விப்பான் நாளைக்கு இன்னொரு பேர்ல விப்பான். பெட்டிய பிரிச்சா பளபளன்னு நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்துல சைக்கிள் கடைல குடுத்து மாட்டச்சொன்னேன். அங்கதான் ஆரம்பிச்சுது.

சைக்கிள் பெடல்ல வலது பக்கத்துக்கு சாதா மரை, இடது பக்கத்துக்கு ரிவர்ஸ் மரை. மிதிக்கற லோடு ஆக்ஸில சுத்தி சுத்தி வர்றதுல இடது பெடல் தானா கழண்டு வந்துடும்ங்கறதுனாலதான் அப்படி. ஏரோப்ளேன் செஞ்ச ரைட் பிரதர்ஸ் சைக்கிள் கடை வச்சிருந்த காலத்துலயே இதை பண்ணிட்டாங்க. நம்மூரு மெக்கானிக் எல்லாருக்கும் இது தெரியும், எங்க கடைக்காரருக்கும் தெரியும். ஆனா அந்த பெடல்ல எல், ஆர்ங்கற எழுத்து எறும்பு சைஸ்ல இருந்துச்சு, அவரு வலது பெடல எடுத்து இடது கிராங்க்ல, அதாவது பெடல் மாட்டற தண்டுல, வச்சுட்டாரு. ஒரு சுத்து போயி நின்னுருச்சு. புது மரை டைட்டாத்தான் இருக்கும்னு சொல்லி ஸ்பேனர்ல ஒரு பைப்ப சொருகி ஒரு அமுக்கு அமுக்கினாரு பாருங்க, சரக்குனு உள்ள போச்சு. நானும் பக்கத்துல டீய குடிச்சுட்டு பாத்துட்டேதான் இருந்தேன், அதனால அவர மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல. பெடல் இரும்பு, கிராங்க் அலுமினியம், எது தோக்கும்னு சொல்லவா வேணும். வெளிய எடுத்தப்ப கிராங்க் ஓட்டைல இருந்து சுருள் சுருளா அலுமினியம் சீவல் வந்துச்சு, தேங்கா துருவுன மாதிரி.

புது கிராங்க் விலைய கேட்டுட்டு மயக்கம் வராத குறையா வெளிய வந்தேன். கோயமுத்தூர்ல பொறந்ததுக்கு ஒரு லாபம் என்னன்னா எந்த சந்துல திரும்பினாலும் ஒரு லேத் பட்டறை இருக்கும். பம்ப்செட் ஷாஃப்ட் கடையற ஒரு பெரியவர்கிட்ட கிராங்க்க கழட்டி கொண்டு போனேன். கண்ணாடிய மூக்குல எறக்கிவிட்டு பெடல் மரைல த்ரெட் கேஜ் வச்சு பாத்தாரு. "ஏனுங் தம்பி, இது 14 எம்எம் இல்லீங், 9/16, இஞ்சுக்கு 20 மரை. லெஃப்ட் மரை வெட்டற டேப்பு எங்கிட்ட இல்லீங், கடைஞ்சே போட்டரலாம் உடுங்"ன்னாரு. ஓட்டைய பெருசாக்கி, ஈஎன்8 இரும்புல ஒரு புஷ் கடைஞ்சு, வெளிப்பக்கமும் உள்பக்கமும் ரெண்டுமே லெஃப்ட் மரையா வெட்டி, லாக் பசை போட்டு இறுக்கி குடுத்தாரு. நானூறு ரூபா. அது மேலதான் இன்னிக்கு வரைக்கும் மிதிச்சுட்டு இருக்கேன், ஒரு சத்தம் கிடையாது.

அதுக்கப்புறம் பெடல் மட்டும் நான் யார் கைலயும் குடுக்கறதில்ல. நீங்களும் வீட்லயே மாட்டிக்கலாம், பெரிய வித்தையெல்லாம் இல்ல. பெடல செங்குத்தா மரை மேல இருக்கற மாதிரி புடிச்சு பாருங்க, மரை கோடு இடது பக்கம் ஏறிப்போனா அது இடது பெடல். மரைல கிரீஸ் தடவி வெறும் விரல்லயே அஞ்சாறு சுத்து போகணும், விரல்ல போகலேன்னா அது தப்பான மரை இல்லன்னா கோணலா போகுதுன்னு அர்த்தம், ஸ்பேனர தொடவே தொடாதீங்க. ரெண்டு பெடலுமே முன் சக்கரத்து பக்கமா சுத்தினா இறுகும், பின்னாடி சுத்தினா கழறும், இதை ஞாபகம் வச்சா போதும்.

இவ்வளவு பாடுபட்டு மாட்டின அந்த பெடல் எப்படின்னு கேட்டா, ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் வலது பக்கம் ஸ்ப்ரிங் லூஸாயி ஏத்தத்துல எந்திரிச்சு மிதிக்கறப்ப டப்புனு கால் விட்டுருச்சு, மருதமலைல கடைசி வளைவுல. டாப் ட்யூப்ல, அதாவது ஃப்ரேமோட மேல் பைப்புல, எங்க இடிச்சேன்னு எழுத முடியாது. அன்னிக்கே கழட்டி வீசிட்டேன்.

ரெண்டாவதா ஷிமானோ ஆர்எஸ்500, இதுவும் மூணு போல்ட் டைப்தான். இது நிஜமாவே நல்ல பெடல், குறை சொன்னா பாவம். ஜோடி 320 கிராம், அகலமான மேடை, ஷூ உக்காந்ததும் காலும் கிராங்க்கும் ஒண்ணாயிட்ட மாதிரி இருக்கும். கூடவே மஞ்சள் க்ளீட் வரும், அதுல மாட்டின கால் பக்கவாட்டுல 6 டிகிரி ஆடும். நீலம்னா 2 டிகிரி, சிவப்பு சுத்தமா ஆடாது. புதுசா போறவங்க மஞ்சளயே வச்சுக்கங்க, ப்ரோ மாதிரி இருக்கும்னு சிவப்பு போட்டு முட்டி வலி வந்து பைக்கையே வித்த ஒருத்தர் எங்க ஆபீஸ்ல இருக்காரு.

அப்ப ஏன் மாத்தினேன்னா, பெடலால இல்ல, நடக்கறதால. நம்ம ஊரு ரைடுல எத்தனை தடவ இறங்கறோம்னு எண்ணி பாருங்க. பேக்கரில ஒரு தடவ, யாருக்காச்சும் பஞ்சர்னா ஒரு தடவ, ஆலாந்துறை பக்கம் ஆடு கூட்டம் வந்தா நிக்கணும், இளநி கடை, கோயில் வாசல்ல ஒரு கும்பிடு. ஒவ்வொரு தடவயும் அந்த ப்ளாஸ்டிக் முக்கோணம் தார் ரோட்டுலயும் ஜல்லிலயும் தேயுது. டைல்ஸ் போட்ட பேக்கரி தரைல வாத்து மாதிரி நடக்கணும், ஈரமா இருந்தா அதுவும் முடியாது, ஒரு தடவ கண்ணாடி அலமாரிய புடிச்சு நின்னேன், உள்ள இருந்த பப்ஸ் எல்லாம் ஆடிப்போச்சு. ஏழு எட்டு மாசத்துல மஞ்சள் க்ளீட் முனை தேஞ்சு வழுவழுன்னு ஆயிருச்சு, மாட்டினா லொடலொடன்னு ஆடுது. புது ஜோடி நான் வாங்கினப்ப 1,500 கிட்ட. வருஷம் ஒண்ணரை ஜோடின்னு வைங்க, ரெண்டு வருஷத்துல பெடல் விலைக்கு க்ளீட் வாங்கியிருப்பேன். பெடல் வாங்கறப்ப எல்லாரும் பெடல் விலைய மட்டும்தான் பாக்கறாங்க, இந்த க்ளீட் செலவு வட்டி மாதிரி பின்னாடியே வந்துட்டிருக்கும்ங்கறத யாரும் சொல்றதில்ல. ரப்பர் மூடி விக்கறாங்க, நடக்கறப்ப க்ளீட் மேல மாட்டிக்கலாம், நானும் வாங்கினேன், ரெண்டாவது வாரம் ஒத்தையாயிருச்சு.

இதெல்லாம் முடிஞ்சுதான் எம்520, அந்த ரெண்டு போல்ட் எஸ்பிடி டைப். அப்ப 3,000த்துக்குள்ள முடிஞ்சுது, பெட்டிக்குள்ளயே எஸ்ஹெச்51 க்ளீட்டும் போல்ட்டும் இருந்துச்சு. இன்னியோட மூணு வருஷமாச்சு.

பாக்க அழகெல்லாம் இல்லீங்க. கருப்பு கலர்ல ஒரு இரும்பு எலிப்பொறி மாதிரி இருக்கும், ரெண்டு பக்கமும் பொறி. அந்த ரெண்டு பக்கம்ங்கறதுதான் இதோட பெரிய ப்ளஸ். ரோடு பெடல்ல ஒரு பக்கம்தான் மாட்டும், பெடல் தலைய தூக்கிட்டு தொங்கும், முன்னாடி உதட்டுல ஷூ நுனிய கொண்டு போயி கொக்கிட்டு அமுக்கணும், சிக்னல் விழுந்து பின்னாடி டவுன் பஸ்காரன் ஹார்ன் அடிக்கறப்ப அது ஒரு பக்கம் புரண்டுக்கும் பாருங்க, அப்ப வர்ற வேர்வை இருக்கே. எம்520ல கீழ பாக்கவே வேண்டாம், மிதிச்சா க்ளக்குனு ஒரு சத்தம், மாட்டியாச்சு.

வெயிட்ட பத்தி சொல்லணும், ஏன்னா எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க. ஜோடி 380 கிராம். ஆர்எஸ்500ஐ விட 60 கிராம் அதிகம், அதாவது ஒரு கோழிமுட்டை வெயிட்டு. அதை கவலப்படற அளவுக்கு நீங்க இருந்தா இந்த ரிவ்யூவ படிச்சுட்டு இருக்க மாட்டீங்க. மருதமலை ஏத்தத்துல என் டைம் ஆர்எஸ்500லயும் இதுலயும் ஒண்ணுதான், ராத்திரி பிரியாணி சாப்ட்டேனா இல்லயாங்கறதுதான் அதை மாத்துது. க்ளிப்லெஸ் போட்டா ஸ்பீடு பிச்சுக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. கால் வழுக்காது, மேடு பள்ளத்துல பெடல விட்டு குதிக்காது, ரொம்ப நேரம் ஒரே சீரா சுத்தலாம், கிடைக்கறது இதுதான்.

பெடல் எவ்வளவு இறுக்கமா புடிக்கணும்ங்கற டென்ஷன அட்ஜஸ்ட் பண்ண 3 எம்எம் ஆலன் கீ போதும். மறந்துடாதீங்க, மொத்தம் நாலு ஸ்க்ரூ, பெடலுக்கு ரெண்டு பக்கம்ல. நான் ஒவ்வொரு பெடல்லயும் ஒரு பக்கத்த மட்டும் லூஸ் பண்ணிட்டு ஒரு வாரம் சில சமயம் ஈஸியா கழறுது சில சமயம் கழற மாட்டேங்குதேன்னு மண்டைய பிச்சுட்டு இருந்தேன். மொத ஒரு மாசம் நாலயும் முழுசா லூஸ் பண்ணி வச்சுட்டு அப்புறமா ஒவ்வொரு க்ளிக்கா ஏத்திக்கங்க.

மழைல இதோட அருமை தெரியும். சிறுவாணி ரோட்டுல ஜூன் ஜூலைல சாரல் புடிச்சுட்டே இருக்கும், ஓரமா இறங்கினா ஷூ அடில சேறு அப்பிக்கும். ரோடு க்ளீட்ல சேறு அப்பினா மாட்டவே மாட்டாது, குச்சி எடுத்து நோண்டணும். இதுல ரெண்டு தட்டு தட்டி மிதிச்சா சேறு பிதுங்கி வெளிய போயிருது, எம்டிபிக்குன்னே செஞ்சதாச்சே. ஆனா ஒரு வேலை நீங்க செஞ்சே ஆகணும், க்ளீட் போல்ட்டுக்கு கிரீஸ். நான் விட்டுட்டேன், ரெண்டு மழைக்காலம் போனதுல போல்ட் துருப்புடிச்சு ஆலன் கீ போடற ஓட்டை மழுங்கிருச்சு, மறுபடியும் அதே லேத் பெரியவர். ட்ரில் போட்டு எடுத்தாரு, காசு வாங்கல, "நீங்க மாசாமாசம் வர்ற பார்ட்டிங்"ன்னு சொல்லி சிரிச்சாரு.

இரும்பு க்ளீட்ங்கறதால தேய்மானம் ரொம்ப மெதுவு. மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவதான் மாத்தியிருக்கேன், அதுவும் அந்த துரு கேஸ்ல. எஸ்ஹெச்51ன்னா குதிகாலை பக்கவாட்டுல திருப்பினாதான் கழறும். எஸ்ஹெச்56னு ஒண்ணு தனியா விக்கறாங்க, அது பதட்டத்துல எப்படி இழுத்தாலும் கழண்டுரும், ரொம்ப பயப்படறவங்க மொத மூணு மாசம் அதை போட்டுக்கலாம், ஆனா எந்திரிச்சு மிதிக்கறப்ப எதிர்பாக்காம விட்டுரும்ங்கறத மனசுல வச்சுக்கங்க.

குறை இல்லாம இல்ல. பொறி சின்னதுங்கறதால பாரம் முழுக்க ஒரே எடத்துல எறங்குது. மொதல்ல மெத்துனு அடி இருக்கற ஒரு மலிவு ஷூல ஓட்டினேன், எழுபது கிலோமீட்டர் தாண்டினதும் பாதத்துக்கு நடுவுல கரண்ட் புடிச்ச மாதிரி எரிச்சல், கோத்தகிரி ஏறினப்ப குஞ்சப்பனை செக்போஸ்ட் பக்கத்துல ஷூவ கழட்டிட்டு வெறுங்கால்ல உக்காந்துட்டேன். அது பெடல் தப்பில்ல, ஷூ தப்பு. அடி வளையாத ஷூவா வாங்குங்க, கடைல ரெண்டு கையாலயும் புடிச்சு வளைச்சு பாருங்க, ரப்பர் செருப்பு மாதிரி மடங்கினா வச்சுட்டு வந்துருங்க. டெகத்லான்ல எம்டிபி ஷூ போட்டு பாத்து வாங்கலாம், நான் அங்கதான் வாங்கினேன், 5,000 சொச்சம் ஆச்சு. சாதா ஷூவ விட ஒரு அரை சைஸ் பெருசா எடுங்க, ஓட்ட ஓட்ட வெயிலுக்கு கால் உப்பும். இன்னொண்ணு, சில ரோடு ஷூல ரெண்டு போல்ட் ஓட்டையும் மூணு போல்ட் ஓட்டையும் சேந்தே இருக்கும், ஆஹா ரெண்டுக்கும் ஆச்சுன்னு வாங்கிடாதீங்க, அதுல எஸ்பிடி க்ளீட் மாட்டினா குழிக்குள்ள போகாம வெளிய துருத்திட்டு நிக்கும், ரோடு க்ளீட்ட விட மோசமா வழுக்கும். எஸ்பிடியோட லாபமே க்ளீட் ஷூ அடிக்குள்ள பதுங்கறதுலதான இருக்கு.

க்ளீட் எங்க வைக்கறதுன்னு ஆயிரம் வீடியோ இருக்கு. பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் நடுவுல வர்ற மாதிரி, ஒரு நாலஞ்சு எம்எம் பின்னாடி தள்ளி வச்சா எனக்கு ஒத்து வந்துச்சு. வச்சதும் மார்க்கர்ல சுத்தி ஒரு கோடு போட்டு வைங்க. மொத ரைடு முடிஞ்சு வந்ததும் போல்ட்ட ஒரு தடவ இறுக்குங்க, கட்டாயம் லூஸாயிருக்கும். ஒரு போல்ட் கழண்டு விழுந்துட்டா நீங்க குதிகால திருப்பறப்ப ஷூதான் திரும்பும், க்ளீட் திரும்பாது, அப்புறம் ஷூவ கழட்டி விட்டுட்டுதான் இறங்கணும்.

கீழ விழறத பத்தி கேப்பீங்க. விழுவீங்க. நான் மூணு தடவ, மூணுமே நின்னுட்டு இருக்கறப்பத்தான், அதுல ஒண்ணு செல்வபுரம் சிக்னல்ல பக்கத்து ஆட்டோ மேலயே சாஞ்சுட்டேன், உள்ள இருந்த அம்மா "பாத்துங் கண்ணு"ன்னு புடிச்சு நிமித்தி விட்டாங்க. நிக்கறதுக்கு முப்பது மீட்டர் முன்னாடியே ஒரு கால கழட்டிருங்க, எப்பவும் அதே கால். கால மேல தூக்காதீங்க, பின்னாடி இழுக்காதீங்க, சிகரெட் துண்ட அணைக்கற மாதிரி குதிகால வெளிப்பக்கம் திருப்பணும். மொத நாள் சுவத்த புடிச்சுட்டு அம்பது தடவ மாட்டி கழட்டுங்க, ரெண்டாவது நாள் க்ரவுண்டு, மூணாவது நாள்தான் ரோடு.

மத்த பெடல் பத்தி கொஞ்சம். தெனம் ஆபீஸுக்கும் அதே பைக்ல செருப்பு போட்டு போறவங்க ஈஹெச்500 பாருங்க, ஒரு பக்கம் தட்டை ஒரு பக்கம் எஸ்பிடி, விலை கூட, ரெண்டு பக்கமும் மாட்டற சௌகரியம் போயிரும், ஆனா ஒரே பைக் வச்சிருக்கறவங்களுக்கு நல்ல சமாளிப்பு. ரோடு டைப்தான் வேணும்னு அடம் புடிச்சா ஆர்எஸ்500 இல்லன்னா லுக் கியோ க்ளாசிக் 3, ரெண்டுமே தாராளமா வாங்கலாம், கியோவுக்கு க்ளீட்ல ரப்பர் ஒட்டின க்ரிப் மாடல் கிடைக்கும் அதையே எடுங்க. கியோல கருப்பு ஆடாது, சாம்பல் 4.5 டிகிரி, சிவப்பு 9. ஷிமானோல சிவப்புதான் ஆடாதது, இதுல சிவப்புதான் அதிகம் ஆடறது, எவன் முடிவு பண்ணினானோ. ஸ்பீட்ப்ளே, டைம்ங்கற பிராண்ட் எல்லாம் நம்ம பட்ஜெட் கிடையாது, அதனால விட்டுடறேன். 200 கிலோமீட்டர் 300 கிலோமீட்டர்னு பிஆர்எம்ங்கற நெடுந்தூர ரைடு ஓட்டறவங்க நெறய பேரு எஸ்பிடிதான் போட்டிருப்பாங்க, வழில வர்ற ஒவ்வொரு கன்ட்ரோல்லயும் (செக்பாயிண்ட்) இறங்கி நடந்து போயி கார்டுல சீல் வாங்கணும்ல.

டூப்ளிகேட் ஷிமானோ ஜாக்கிரதை. ரொம்ப கம்மி விலைக்கு பெட்டி இல்லாம பாலித்தீன் கவர்ல வர்றது எதையும் தொடாதீங்க. ஆக்ஸில விரல்ல சுத்தி பாத்தா ஒரிஜினல் கிரீஸ் புடிச்ச மாதிரி கனமா மெதுவா சுத்தும், டூப்ளிகேட் ஒண்ணு கரகரங்கும் இல்லன்னா காத்தாடி மாதிரி சுத்தும். செகண்ட் ஹேண்ட் வாங்கினாலும் இதே டெஸ்ட்தான், கூட ஆக்ஸில புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டி பாருங்க. எம்520ல பேரிங் ஆடினா கூட திருப்பி செட் பண்ணிக்கலாம், ஆக்ஸில் வெளிய எடுக்க ஒரு சின்ன ப்ளாஸ்டிக் டூல் போதும், எந்த பக்கம் சுத்தணும்னு அம்புக்குறி போட்டிருக்கும். நான் மூணு வருஷத்துல ஒரு தடவ தொறந்து கிரீஸ் மாத்தினேன், அவ்வளவுதான் மெயின்டனன்ஸ்.

என்னோட ஆர்எஸ்500 பரண்ல சும்மாதான் கிடக்கு, நல்லாவே இருக்கு, பேரிங் ஆடல. கோயமுத்தூர்ல யாருக்காச்சும் வேணும்னா கேளுங்க, பாதி விலைக்கு தர்றேன். க்ளீட் மட்டும் நீங்க புதுசா வாங்கிக்கணும்.